சிவக்காத ஆரத்தி

ஒரு ஊர்ல ஒரு ஆரத்தித் தட்டு இருந்துச்சாம் சொர்ணா. அதக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல திருதிருன்னு முழிச்சவ ஒங்க அத்தை, நான்தான். சிரிக்காதட்டி. ம் கொட்டு.

"ம்."

அன்னைக்கு ஒங்கப்பனுக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிஞ்சு, பொண்ணும் மாப்பிள்ளையும் வாசல்ல வந்து நிக்காக. அந்த வாசல இப்ப இடிச்சுக் கட்டியாச்சு, எனக்கு மட்டும் கண்ணுக்குள்ளயே நிக்கு. பொண்ணு யாரு? ஒங்கம்மா ஆவுடைச்செல்வி. காளவாசல்ல சுண்ணாம்பு சுடுத வீட்டுப் பொண்ணு. அந்தச் சம்பந்தம் வேண்டாம்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சவளும் நான்தான்.

அப்போ நான் தட்டுல தண்ணிய ஊத்தி, மஞ்சளக் கரைச்சு, துளி சுண்ணாம்பு போட்டேன். சுள்ளுனு சிவந்துச்சு. கலக்குனா பொசுக்குனு மறுபடி மஞ்சள். அப்புறம் இன்னொரு துளி போட்டேன். அதுவும் பொசுக்கு. மூணாந் தடவை டப்பாவையே வழிச்சுப் போட்டேன். அதையும் முழுங்கிட்டு.

"ஏன் அத்தை?"

களிம்பு போகட்டும்னு பித்தளைச் செம்புல புளித்தண்ணி ஊத்தி வச்சிருந்தேன்லா. அவசரத்துல அதையே தட்டுல ஊத்திட்டேன். அது அப்போ எனக்குத் தெரியல. ஒங்க ஆச்சி, எங்கம்மா, பின்னால நின்னு முணுமுணுங்கா, "ஆரத்தி சிவக்க மாட்டேங்குதே, இவ கால் வைக்க வேண்டாம்னு சாமியே சொல்லுதோ?" கூட்டம் குசுகுசுங்குது. ராகுகாலத்துக்கு அஞ்சே நிமிஷம். ஒங்கப்பன் வேர்த்து ஒழுகுதான். ராசியில்லாதவள்னு பேரு விழுந்துச்சுன்னா ஒங்கம்மாவுக்கு ஆயுசுக்கும் போகாது.

"கொட்டிட்டு வேற கலக்கலாம்ல?"

சுத்துறதுக்கு முன்னால கொட்டக் கூடாதும்பா ஒங்க ஆச்சி. அப்போ ஒங்கம்மா குனிஞ்ச தலை நிமிராம எனக்கு மட்டும் கேக்குத மாதிரி சொன்னா: "மதினி, தண்ணியில புளிப்பு கெடக்கு. போடுத சுண்ணாம்ப எல்லாம் அது தின்னுருது. புளிப்பு தீந்து சுண்ணாம்பு மிஞ்சுனாத்தான் மஞ்சள் சிவக்கும். அந்தா, வெள்ளையடிச்ச சுண்ணாம்பு மிச்சம் வாளியில இருக்கு." ஒங்க டீச்சர் அமிலம், காரம்னு சொல்லுவாகள்லா, அந்த ரெண்டுந்தான்.

ஓடிப்போய் வெறுங்கையால ஒரு கை அள்ளிட்டு வந்து போட்டேன். கலக்குதேன், கலக்குதேன். திடுதிப்புனு செக்கச் செவேல்னு ஆயிட்டு. அப்புறம் என்ன, சுத்தி, பொட்டு வச்சு, வாசல்ல கொட்டுனேன். ஒங்கம்மா வலது கால எடுத்து வச்சு உள்ள வந்தா.

"தண்ணியில என்னட்டி போட்ட?"ன்னு ஆச்சி என்னைய முறைச்சா. நான் வாயத் திறக்கும் முன்ன ஒங்கம்மா, "சுண்ணாம்பு பழசு போல அத்தை, வீரியம் போயிட்டு"ன்னுட்டா. புளித்தண்ணிப் பேச்ச எடுக்கவேயில்ல.

"ம்..."

அப்புறம் பாலும் பழமும் குடுக்கத் தேடுதாக, பொண்ணக் காணோம். அடுப்படியில என் கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. ஈரச் சுண்ணாம்பு என் உள்ளங்கைய எரிச்சுப் பொத்துப்போட்டிருந்துச்சு. சளசளன்னு ரொம்ப நேரம் தண்ணி ஊத்திக் கழுவுனா. அப்புறந்தான் புளிச்ச மோரு. "சுண்ணாம்புக்குப் புளிப்பு, மதினி"ன்னா. எனக்குக் கண்ணுல பொலபொலன்னு ஊத்திட்டு. இவளயா வேண்டாம்னோம்னு வெக்கமாப் போச்சு. எரிச்சல் நின்னுட்டு. கைய மட்டும் நான் எடுத்துக்கிடல.

சொர்ணா? ம் சத்தத்தக் காணோமே. சரி, தட்டக் கவுத்தாச்சு, கதையும் தீந்துட்டு, ஒறங்கு தாயி.