இசக்கி முடித்த படகு

தூத்துக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி அறையில் மங்கையர்க்கரசி டீச்சர் காகிதக் கப்பல் கட்டக் கற்றுக்கொடுக்கிறார். மழைத் தண்ணீரில் விடுகிற கப்பல் அல்ல. நிஜக் கப்பலை நூறில் ஒரு பங்காகச் சுருக்கி, தாளில் அச்சிட்டு, வெட்டி, ஒட்டி எழுப்புகிற கப்பல். டீச்சருக்கு நாற்பது வயது. சீடர் சந்தியாகுவுக்கு அறுபதுக்கு மேல். லாஞ்சு என்கிற இன்ஜின் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்ஜின் சத்தத்தை மீறிக் கத்தியே பழகிய தொண்டை.

அன்று அவர் கத்திக்கொண்டேதான் படியேறினார். கையில் ஒரு காகித டார்ப்பிடோ படகு. உலகப் போர் முடிந்தபின் சோவியத் கடற்படை கட்டிய ரகம். சாண் நீளம், சாம்பல் நிறம், பக்கத்துக்கு ஒரு குண்டுக் குழாய். பின்னாலேயே இசக்கி வந்து ஜன்னலோரம் நின்றார். இரண்டு பேரும் ஒரே லாஞ்சில் காலம் கழித்தவர்கள். இங்கேயும் ஒன்றாகத்தான் சேர்ந்தார்கள்.

"இவனை வெளிய அனுப்புங்க டீச்சர்! இல்லேன்னா நான் போறேன்."

"என்ன செஞ்சாரு?"

"நான் கண் ஆபரேஷன் பண்ணிட்டுக் கெடந்தேன். குனியக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். படகோட எலும்புக்கூட்டை மட்டும் ஒட்டி இங்க வச்சிருந்தேன். இன்னைக்கு முழுப் படகா வீட்டுக்குக் கொண்டாந்து நீட்டுதான்! ஞாயித்துக்கெழமை கண்காட்சிக்குப் பிந்திருமாம். யார் கேட்டா இவன் உதவிய?"

டீச்சர் படகை வாங்கிப் பார்த்தார். வெட்டிய விளிம்புகளில் வெள்ளை தெரியாமல் சாம்பல் பூசியிருந்தது.

"நல்லாத்தான இருக்கு?"

"அதான் எரியுது! இதை எப்படி என் படகுன்னு கொண்டு வைப்பேன்?"

டீச்சருக்கும் முகம் சிவந்தது. பிளேடை எடுத்து மேசையில் போட்டார்.

"அப்ப அவர் ஒட்டினதை அறுத்து எடுங்க. உங்களோடது மட்டும் மிஞ்சட்டும்."

"அறுக்கேன். பயமா எனக்கு?"

மேல்தளத்தில் பிளேடு இறங்கியது. இசக்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பார்க்கச் சகிக்காத வேலை அது. ஒரு பக்கத்துத் தாள் தோலும் கிழிந்து வந்தபோது சந்தியாகுவின் கை நின்றது.

இடது பக்க விலாக்கள் ஒவ்வொன்றின் மேலும் தீப்பெட்டி அட்டைத் துண்டு ஒட்டியிருந்தது. ஒன்று தடிமன், அடுத்தது அதைவிட மெல்லிசு, கடைசியில் நகத்தின் கனம்.

"இது என்னது? நான் ஒட்டலியே?"

"நீங்க ஒட்டின கூடு கோணல், அண்ணாச்சி" என்றார் டீச்சர். "பசை காயுற வரைக்கும் தட்டைக் கண்ணாடிமேல கூட்டை வச்சுப் பாரத்தால அமுக்கணும். உங்களுக்கு ஏது பொறுமை? முந்தியே எடுத்துட்டீங்க. அதுமேல தோலைப் போத்தினா படகு மூக்கு வலது பக்கம் போயிரும். இவருதான் அட்டை வச்சு நேராக்கியிருக்காரு."

சந்தியாகு இசக்கியிடம் பாய்ந்தார்.

"கோணல்னா சொல்லித் தொலைய வேண்டியதுதானலே! எதுக்கு மூடி மறைச்ச? சொல்லுலே!"

இசக்கி டீச்சரைப் பார்த்தார்.

"அந்தக் கோணலை நீங்க ஆஸ்பத்திரி போறதுக்கு முந்தியே நானும் பாத்தேன்" என்றார் டீச்சர்.

"நீங்களுமா? நீங்க ஏன் டீச்சர் சொல்லல?"

டீச்சரின் கோபம் தணியவில்லை. ஆனால் இப்போது அது சந்தியாகுவின் மேல் இல்லை.

"நீங்க கத்துவீங்கன்னு பயம். கத்துக்குடுக்கிறவ நான், வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். அவருக்கும் அதே பயந்தான். ஆனா அவரு உக்காந்து நேராக்கினாரு. இப்ப சொல்லுங்க அண்ணாச்சி, எங்க ரெண்டு பேர்ல யாரை வெளிய அனுப்பணும்?"