டிக்கெட் துவாரத்தில் குட்டை மூக்கு

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் இதைக் கடைசிவரை கேட்டுவிட்டு வாயைத் திறக்கவும். ஒரு சொல்லால் ஓர் ஆள் தூக்குமேடைப் படிவரை போன கதை இது.

வேலன்புதூரில் இருந்தது ஒரே ஒரு டாக்கீஸ். அதில் டிக்கெட் கொடுத்தவள் தங்கபுஷ்பம். முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவுக்கு அவள் சம்பளம்தான் கஞ்சி ஊற்றியது. டிக்கெட் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரில் ஒரு கை நுழையும் அளவுக்குத் துவாரம், அவ்வளவுதான்.

ஆவணி மாதத்து மாட்டினி நேரம். படம் தொடங்கிவிட்டதால் வெளியே வரிசை இல்லை. முதலாளி வேதமாணிக்கம் அறைக்குள் வந்து அவளுக்குப் பின்னால் நின்று, அடுத்த படத்தின் பெட்டி ரயிலில் வந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அப்போது துவாரத்துக்குள் கறுப்பாக ஒரு குழல் முனை நுழைந்தது. கொட்டகைக்குள் சண்டைக் காட்சி ஓடியதால் வெடிச் சத்தத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. அவள் தோளுக்கு மேலாகப் போன குண்டு முதலாளியின் மார்பில் பாய்ந்து, எலும்பில் பட்டு, எந்தத் துப்பாக்கியினுடையது என்று சொல்ல முடியாதபடி உருத்தெரியாமல் நசுங்கிவிட்டது. தங்கபுஷ்பம் கதவைத் திறந்து வெளியே ஓடியபோது அங்கே வெயில் மட்டும்தான் இருந்தது.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் கார்மேகம் வந்தார். அவள் ஆளைப் பார்க்கவில்லை என்றாள். துப்பாக்கி எப்படி இருந்தது என்று கேட்டார். குட்டையாக இருந்தது என்றாள். குட்டை மூக்கு ரிவால்வரா, அதாவது குழலே குட்டையான ரகமா என்று கேட்டார். எதைக் கேட்டிருந்தாலும் அந்த நேரம் தலையாட்டியிருப்பாள், அதற்கும் ஆட்டினாள். அவர் அப்படியே எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

ஊரில் ரிவால்வர் லைசென்ஸ் மூன்று பேருக்கு இருந்தது. ரைஸ்மில் காசிலிங்கம் ஒருவர். இறந்தவரின் மைத்துனர் மரியசிங்கம் இன்னொருவர். இந்த இருவருடையதும் நீண்ட குழல் துப்பாக்கிகள். மூன்றாவது ஆள், டாக்கீஸில் கூட்டாளியாக இருந்த பலவேசம். அவனுடைய ரிவால்வரின் குழல் மூன்று அங்குலம். போதாக்குறைக்கு, உன்னை ஒழிக்காமல் விடமாட்டேன் என்று பத்துப் பேர் முன்னிலையில் வேதமாணிக்கத்திடம் கத்தியவனும் அவன்தான். அன்று இரவே அவனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

வழக்கு ஒரு வருஷம் இழுத்தது. டாக்கீஸ் மரியசிங்கத்தின் கைக்குப் போனது. அவர் தங்கபுஷ்பத்தை வேலையில் வைத்துக்கொண்டார், அவள் அப்பாவுக்கு டாக்டரை அனுப்பினார், கோர்ட்டுக்குத் தம் காரிலேயே கூட்டிப்போனார். வழியில் ஒன்றே ஒன்றைத்தான் ஒவ்வொரு தடவையும் சொல்வார்: "மொத நாள் சொன்னதையே சொல்லு புஷ்பம். வேற ஒண்ணும் வேண்டாம்." அதை அவள் ஆதரவான பேச்சு என்றே எடுத்துக்கொண்டாள்.

பலவேசத்தின் வக்கீல் ஒரே பிடியாக நின்றார். குட்டை மூக்கு என்றால் இரண்டு அங்குலம், இது மூன்று, ஆகவே இது அந்தத் துப்பாக்கி அல்ல. மூன்று அங்குலமும் அதில் அடக்கம் என்றது அரசுத் தரப்பு. சென்னையிலிருந்து வந்திருந்த ஆயுத நிபுணர் ஆறுமுகநயினார், தோட்டா உருளையின் முகப்பிலிருந்து குழல் முனைவரை அளந்து பார்த்தார். சரியாக மூன்று அங்குலம். இரண்டு என்றால் தகராறே இல்லை, நான்கை யாரும் அப்படிச் சொல்வதில்லை, மூன்றைச் சிலர் சேர்ப்பார்கள், சிலர் சேர்க்கமாட்டார்கள், சட்டத்தில் இதற்கு வரையறை கிடையாது என்றார். ஒரே வார்த்தையில் பதில் வேண்டும் என்றார் நீதிபதி. நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "சேர்க்கலாம்" என்றார். பலவேசத்தின் முகம் சாம்பலாகிப் போயிற்று.

பிறகு தங்கபுஷ்பத்தை மறுபடி கூண்டில் ஏற்றினார்கள். பலவேசத்தின் வக்கீல் அந்த ரிவால்வரை அவள் கையில் கொடுத்து, அன்று பார்த்தபடி பிடித்துக் காட்டச் சொன்னார். அவள் பிடித்தாள். தன் விரல்கள் தெரிந்தன. வேறு மாதிரி பிடித்துப் பார்த்தாள், அப்போதும் தெரிந்தன. ரிவால்வரைக் கீழே வைத்துவிட்டு நீதிபதியைப் பார்த்தாள்.

"ஐயா, அன்னைக்கு நான் கையைப் பாக்கல. கையே தெரியலைன்னா, குழல் எங்க ஆரம்பிச்சதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? உள்ள நீட்டினது குட்டை. சுவத்துக்கு அந்தப் பக்கம் எவ்வளவு இருந்துச்சோ."

குட்டை மூக்கு என்று கையெழுத்துப் போட்டாயே என்று அரசு வக்கீல் அதட்டினார். அது தன் வார்த்தை இல்லை, இன்ஸ்பெக்டர் கேட்டதற்குத் தான் தலையாட்டியது மட்டும்தான் என்றாள். கொலைகாரனை அவிழ்த்துவிடப் பார்க்கிறாய் என்றார் அவர். அப்படியும் இருக்கலாம் என்பது அவளுக்கும் தெரிந்தே இருந்தது. நீதிபதி வழக்கை மறுநாளைக்கு ஒத்திவைத்தார்.

வராந்தாவில் நடக்கும்போதுதான் அடுத்த நினைப்பு வந்தது. குழல் நீளமாகவும் இருந்திருக்கலாம் என்றால், ஊரில் நீண்ட குழல் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர். கோர்ட்டுப் படியில் அவள் கால்கள் நின்றுவிட்டன. கீழே கார் நின்றது. மரியசிங்கமே இறங்கி வந்து பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஏறு புஷ்பம். பேசிக்கிட்டே போவோம்."

ஊருக்குப் பதினோரு மைல். அதில் பாதி ஆளரவமற்ற பனங்காடு.

இப்போது சொல்லுங்கள். அவள் பார்த்ததற்குப் பெயர் வைத்த இன்ஸ்பெக்டர், கேட்ட கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொன்ன நிபுணர், ஒருவேளை கொலைகாரனையே காப்பாற்றும் என்று தெரிந்தும் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிய தங்கபுஷ்பம். இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: தங்கபுஷ்பம் செய்ததுதான் சரி. இன்ஸ்பெக்டர் அவள் கண்ணில் பட்டதை எழுதவில்லை, தம் மனதில் இருந்ததை எழுதினார். நிபுணர் ரிவால்வரை அளந்தார். அன்று அவள் துப்பாக்கியில் எவ்வளவைப் பார்த்தாள் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அவள் சொன்னதால் பலவேசம் நிரபராதி ஆகிவிடவில்லை, மரியசிங்கம் குற்றவாளியும் ஆகிவிடவில்லை. தெரிந்தது எது, தெரியாதது எது என்பது மட்டும் வெளியே வந்தது. அன்று அவள் காரில் ஏறவில்லை; கோர்ட்டுக் கான்ஸ்டபிளோடு பஸ்ஸில் போனாள். மறுநாள் நீதிபதி மற்ற இரண்டு ரிவால்வர்களையும் கொண்டுவர உத்தரவிட்டார். காசிலிங்கத்தினுடையது சாயங்காலமே வந்துசேர்ந்தது. மரியசிங்கம், தம்முடையது ஆற்றில் குளிக்கும்போது தவறி விழுந்துவிட்டதாக எழுதிக் கொடுத்தார்.