குழாய்க்குள் விழுந்த குன்றிமணி

முன்னொரு காலத்தில் வெண்ணாவல் நாட்டைக் கெடிலவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்று பேர்தான். காலையில் ஒரு உத்தரவு போடுவான், சாப்பாட்டுக்குள் அதை மாற்றுவான். மாற்றாமல் விட்ட உத்தரவு ஒன்றே ஒன்று. ராணி இறந்த மறுநாள் போட்டது: "அரண்மனையில் இனி யாரும் அழக்கூடாது!"

அவனுக்கு ஒரே மகள், அல்லியங்கோதை. பதினான்கு வயது. கொஞ்ச காலமாகத் தட்டில் வைத்த சோறு வைத்தபடியே திரும்பி வந்தது. பெண் துரும்பாக இளைத்துப்போனாள்.

தகப்பன் என்ன செய்யவேண்டும்? பக்கத்தில் போய் உட்காரவேண்டும். இந்த மகானுபாவன் அவளை நிறைந்த சபையில் நிறுத்தினான். "உனக்கு ஏதாவது மனக்குறை உண்டா? தயங்காமல் சொல்!"

அத்தனை மீசைகளும் அவளையே பார்த்தன.

"ஒன்றுமில்லை அப்பா. சந்தோஷமாக இருக்கிறேன்."

சபையே கைதட்டியது. மந்திரி இளவேனி மட்டும் தட்டவில்லை.

"அரசே, உங்களுக்கு வேண்டியது பதிலா, கைதட்டலா?"

"பதில்தான்!"

"அப்படியானால் யார் சொன்னது என்று கேட்கக்கூடாது. அரண்மனைப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தனி அறைக்குள் போகட்டும். ஒளிந்து அழுகிறவர்கள் சிவப்புக் குன்றிமணி போடட்டும், அழாதவர்கள் வெள்ளை போடட்டும்."

"சரி, யார் என்று கேட்பதில்லை!" என்றான் ராஜா.

"போடுவதற்குப் பாத்திரம் நான் தருகிறேன்!" என்று முந்திக்கொண்டார் பராங்குசராயர். மந்திரிப் பதவி ஒரு பெண்ணுக்குப் போய்விட்டதே என்று அன்றாடம் வயிறெரிகிறவர். கொண்டுவந்தது ஒரு மூங்கில் குழாய். ஒரு நேரத்தில் ஒரு மணிதான் நுழையும். போடப் போட ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்.

இளவேனி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ராஜாவிடம், "பிள்ளைகளுக்குத் தைரியம் வரவேண்டாமா? முதலில் நீங்கள் போங்கள். உள்ளதைப் போடுங்கள்" என்றாள்.

ராஜா போனான். வெளியே வர ரொம்ப நேரமானது. அடுத்து அல்லியங்கோதை, அவளுக்குப் பின் மற்றவர்கள்.

எல்லோரும் முடித்ததும் பராங்குசராயர் ஓடிப்போய்க் குழாயின் வாய்க்குள் எட்டிப்பார்த்தார். "சிவப்பு! அரசே, உங்கள் உத்தரவை மீறியிருக்கிறார்கள்!"

"யார் அது?" ராஜா எழுந்தேவிட்டான்.

"கேட்பதில்லை என்றீர்களே" என்றாள் இளவேனி.

"நான் ராஜா! கேட்பேன்!"

"இதற்காகத்தானே குழாய் கொடுத்தேன்!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார் ராயர். "போன வரிசையிலேயே மணியும் நிற்கிறது. பிளந்தால் யார் போட்டது எது என்று தெரிந்துவிடும்."

வரிசையில் நின்ற பிள்ளைகளின் முகம் வெளுத்தது. அல்லியங்கோதை தரையைப் பார்த்தாள்.

"பிளக்கலாமே" என்றாள் இளவேனி. "அடியிலிருந்து தொடங்குங்கள் ராயரே. முதலில் உள்ளே போனது யார்?"

ராயர் கத்தியை ஓங்கிவிட்டார்.

"நிறுத்து!" ராஜாவின் குரல் கிறீச்சிட்டது. மகளின் முகத்தில் கண்ட அதே பயம் தன் முகத்திலும் இருப்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவனே குழாயைப் பிடுங்கி ஒரு தாம்பாளத்தில் கவிழ்த்துக் கலக்கினான். வெள்ளை எங்கே என்று தேடவேண்டியிருந்தது.

"இதில் ஒன்று என்னுடையது" என்றான் ராஜா, யாரையும் பார்க்காமல்.

உத்தரவு அந்த இடத்திலேயே ரத்தானது. இளவேனிக்கு ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். ராயருக்கும் சும்மா இல்லை: அமாவாசைதோறும் சபை நடுவில் நின்று, தான் எதற்கு வெட்கப்படுகிறார் என்று உரக்கச் சொல்லவேண்டும். அடுத்த அமாவாசைக்கே மனிதருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

சபை கலைந்ததும் ராஜா மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். எதுவும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்:

"அன்றைக்கும் அம்மா ஞாபகம்தான் அப்பா. சொல்லலாம் என்றுதான் வந்தேன். அத்தனை பேர் பார்க்கவே 'சந்தோஷம்' என்றுவிட்டேன். உடனே எல்லோரும் கைதட்டினார்களே... அதன் பிறகு எப்படிச் சொல்வது?"

ராஜா தலையைக் குனிந்துகொண்டான். அன்று முதலில் கைதட்டியவன் அவன்தான்.