யானைக்குப் பின்னால் ஒரு டர்போ கார்

மாங்குளத்துச் சீமையை ஆண்ட கண்டீரவ பூபதிக்கு இரண்டு பைத்தியம். ஒன்று அவருடைய டர்போ கார். இன்னொன்று அவருடைய ஜோசியர். ராஜா காலத்தில் ஏது டர்போ கார் என்று கேட்காதீர்கள். கதை என்னுடையது, கார் ராஜாவுடையது, உங்களுக்கு என்ன நஷ்டம்?

இந்த ஜோசியர் ஒருநாள் ஜாதகக் கட்டத்தை முறைத்துப் பார்த்துவிட்டு, "மகாராஜாவுக்குத் தண்ணியில கண்டம்" என்று சொல்லித் தொலைத்தார். அவ்வளவுதான், ராஜா குளிப்பதை நிறுத்திவிட்டார். சித்திரை வெயில் வேறு. சபையில் ஆளாளுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு "வாழ்க, வாழ்க" என்றார்கள். மகாராணி பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிய பிறகுதான் ஜோசியருக்கு ஞானம் பிறந்தது.

"கண்டம் தண்ணீர்லதான் மகாராஜா. வெந்நீர்ல கிடையாது. தாராளமாக் குளிக்கலாம்!"

மகாராணி பெட்டியைப் பிரித்தார். அரண்மனைக்கே உயிர் வந்தது.

சரி, காருக்கு வருவோம். தண்ணீருக்குப் பயந்தே, என்ஜின்கூடக் காற்றில் ஆறுகிற ரகமாகத் தேடிப் பிடித்து வாங்கியிருந்தார் ராஜா. டர்போ என்பது காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திணிக்கிற சமாச்சாரம். அமுக்கினால் காற்று சூடாகும். சூடான காற்றைத் தின்றால் என்ஜினுக்குத் தெம்பு வராது. அதனால் நடுவிலே ஆற்றிக் கொடுக்க இன்டர்கூலர் என்று ஒரு பெட்டி வேண்டும். அதிலே இரண்டு ஜாதி. எதிர்க்காற்று பட்டு ஆறுவது ஒன்று, தண்ணீர் ஓடி ஆற்றுவது இன்னொன்று. ராஜா காரில் இருந்தது காற்றுப் பெட்டி. தளவாய் வல்லபராயர் தன் மச்சானை வைத்து மாட்டியது.

திருவிழா ஊர்வலத்தில் அந்தக் கார் பட்டத்து யானைக்குப் பின்னால் ஊர்ந்து வரும். கோயில் மேடு வந்ததும் யானை ஒதுங்கிக்கொள்ளும். டிரைவர் சடையாண்டி ஒரு மிதி மிதிப்பான். கார் பாய்ந்து மேடேற வேண்டும், விருந்துக்கு வந்த பக்கத்து நாட்டு ராஜா வாயைப் பிளக்க வேண்டும். போன வருஷமும் பிளந்தார், ஆனால் சிரித்து. கார் பாதி மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. அவரே இறங்கி வந்து தள்ளினார். நம் ராஜாவுக்கு மானம் போய்விட்டது.

"இந்த வருஷமும் நின்னுச்சுன்னா, கூடையைத் தூக்கிக்கிட்டு யானைக்குப் பின்னாடி லத்தி அள்ளப் போடா சடையாண்டி!" என்று கத்தினார் ராஜா. தளவாய்க்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது. சடையாண்டி போனால் ஸ்டீயரிங் மச்சானுக்குத்தானே!

சடையாண்டி நேரே விகடகவி மாசிலாமணியிடம் ஓடினான். "அண்ணே, காப்பாத்துங்க. டிரைவர்னு நம்பித்தாண்ணே எம் பொண்டாட்டி என்னைக் கட்டிக்கிட்டா!"

மாசிலாமணி சபைக்குப் போனார்.

"மகாராஜா, காத்துப் பெட்டி நல்ல பெட்டிதான். லேசா இருக்கும், ஒழுகாது, பம்பு கிம்பு வேண்டாம். வண்டி பறந்தா அதை அடிச்சுக்க ஆளில்லை. ஆனா நம்ம வண்டி எங்கே பறக்குது? யானை நடக்கிற வேகத்துல எதிர்க்காத்து ஏது?"

தளவாய் குறுக்கே பாய்ந்தார். "அப்போ யானைக்குப் பின்னாடி காத்தே வராதுங்கிறீரா?"

"வரும் தளவாயாரே, நல்லாவே வரும். ஆனா அது ஆத்துற காத்து இல்லை."

சபை குலுங்கியது. மாசிலாமணி தொடர்ந்தார். "தண்ணிப் பெட்டி போட்டா, ஊர்ந்து போறப்போ வர்ற சூட்டைத் தண்ணி வாங்கி வெச்சுக்கும். மேடு வந்ததும் வண்டி கைகொடுக்கும்."

ராஜா துள்ளி எழுந்தார். "தண்ணியா? நான் உட்கார்ற வண்டியிலயா? கார் மேடேறணும். உள்ளே சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் உம்ம தலை இருக்காது!"

"உத்தரவு. மேடேறி நிக்கிறப்போ உள்ளே சொட்டுத் தண்ணீர் இருக்காது மகாராஜா."

அன்றைக்கே மாசிலாமணியும் சடையாண்டியும் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணிப் பெட்டியை மாட்டினார்கள். சடையாண்டி பாதியில் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அண்ணே, உங்க தலை..."

"தலை என்னுது. நீ போல்ட்டை முறுக்கு."

திருவிழா வந்தது. யானை அசைந்து அசைந்து நடந்தது, கார் பின்னாலேயே ஊர்ந்தது. மேட்டடியில் யானை ஒதுங்கியது. சடையாண்டி குலதெய்வத்தைக் கும்பிட்டு ஒரே மிதி! கார் சீறிக்கொண்டு உச்சியில் போய் நின்றது. தள்ளுவதற்குத் தயாராக வேட்டியை மடித்துக் கட்டியிருந்த பக்கத்து ராஜா மெதுவாக அதை அவிழ்த்துவிட்டுக்கொண்டார்.

தளவாய்க்குப் பொறுக்குமா? ஓடிப்போய் பானெட்டைத் தூக்கினார். "மகாராஜா, மோசம் போனோம்! உள்ளே தண்ணிப் பெட்டி! ராஜத்துரோகம்!"

ராஜாவின் மீசை துடித்தது. "மாசிலாமணி! யாரங்கே, வாளை எடு!"

"எடுக்கட்டும் மகாராஜா. ஆனா தளவாயார் பெட்டியைத்தான் பார்த்தார், உள்ளே இருக்கிறதைப் பார்க்கலை. மூடியைத் திறந்து, விரலை விட்டு, அது என்னன்னு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லட்டும்."

"இதிலென்ன சந்தேகம்?" என்று தளவாய் மூடியைத் திருகித் திறந்து விரலை உள்ளே விட்டார்.

"ஐயய்யோ! வெந்நீர்!"

மாசிலாமணி பவ்யமாகத் திரும்பினார். "ஜோசியரே, வெந்நீர்ல கண்டம் உண்டா?"

ஜோசியர் ராஜாவைப் பார்த்தார். பக்கத்தில் முறைத்துக்கொண்டிருந்த மகாராணியையும் பார்த்தார். "இல்லை! இல்லவே இல்லை!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து மாலையைக் கழற்றி மாசிலாமணிக்குப் போட்டார். "இன்னும் என்ன வேணும், கேளும்!"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் மகாராஜா. சடையாண்டிக்குன்னு எடுத்து வெச்ச கூடை சும்மா கிடக்கு. தளவாயாருக்குக் காத்துன்னா உசிரு. நாளையிலேர்ந்து அவரே யானைக்குப் பின்னாடி நடந்து காத்து வாங்கட்டும்!"