மூக்குத்திக் காசு

கடலோரமா ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊர்ல, கப்பல் வந்து நிக்கிற எடத்துல, காத்தாயின்னு ஒருத்தி கொழுக்கட்டை வித்துக்கிட்டு இருந்தாளாம். அவளுக்கு ஒரே பொண்ணு, பேரு சிலம்பாயி. அது ஒரு எடத்துல உக்காரவே உக்காராது. இப்ப நீ காலை ஆட்டிக்கிட்டே இருக்கியே, அப்படித்தான். நிறுத்துடா, பாய் பிஞ்சுடும். கப்பல் கயித்தைப் புடிச்சு ஏறும், கன்னுக்குட்டி பின்னாடி ஓடும், ஒரு தரம் தண்ணியிலயே விழுந்து எந்திரிச்சு வந்துச்சு. காத்தாயி வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத்தான் மாவு பிசைவா.

கொழுக்கட்டை வாங்குறவங்க குடுக்கிற சில்லறையில செல்லாக்காசும் கலந்து வரும். பழைய காசு, தூர தேசத்துக் காசு, எந்தக் கடையிலயும் வாங்க மாட்டாங்க. அதையெல்லாம் ஒரு கொட்டாங்குச்சியில போட்டு மகள்கிட்ட குடுத்தா. இதுக்கு நமக்கு ஒண்ணும் செலவில்லைடி, ஒவ்வொண்ணும் எந்த ஊர்லேருந்து வந்துச்சுன்னு விசாரிச்சு வச்சுக்கோ, தண்ணிப் பக்கம் மட்டும் போகாதேன்னு சொன்னா. அவ்வளவுதான், புள்ளைக்குப் பைத்தியம் புடிச்சுக்கிச்சு. யானை போட்ட காசை எடுத்துக்கிட்டு ஒரு மாலுமிகிட்ட ஓடுச்சு, அப்புறம் மீன் போட்ட காசை எடுத்துக்கிட்டு இன்னொருத்தன்கிட்ட ஓடுச்சு, அப்புறம் பனைமரம் போட்ட காசை எடுத்துக்கிட்டு ஒரு தாடிக்காரன்கிட்ட ஓடுச்சு. அவங்க ஊர்க்கதை சொல்லுவாங்க, கையில இருக்கிற செல்லாக்காசு ஒண்ணையும் சேத்துக் குடுப்பாங்க.

ஆனா கை சும்மா இருக்குமா? காசை எடுத்துக் கொழுக்கட்டை மாவுல அமுக்கும். காத்தாயி முதுகுல ஒண்ணு வச்சா. அப்புறம் அவ புதுசா மண்ணு பூசின குடிசைச் சுவத்துல, ஈரம் காயறதுக்குள்ள அத்தனை காசையும் அமுக்கி எடுத்துடுச்சு. சுவரு பூரா காசுத் தடம். காத்தாயி தலையில அடிச்சுக்கிட்டா, விட்டுட்டா.

அதுல புள்ளைக்கு உசிரு ஒரு செம்புக் காசு. பச்சை பூத்துக் கெடக்கும். மூக்குத்தி போட்ட ஒரு பொம்பளை முகம், ஓரத்துல எலி கடிச்சாப்பல ஒரு வெட்டு. யாருன்னு எந்த மாலுமிக்கும் தெரியலை. அதுவா மூக்குத்தி அம்மான்னு பேரு வச்சுக்கிச்சு.

இப்ப ராஜா கதைக்கு வரேன், அந்தச் சுருக்குப் பையைக் குலுக்காம கேளு. அந்த ஊரு ராஜாவும் சின்னப் பையன்தான், சிலம்பாயி வயசு. அப்பன் செத்ததும் முடியைத் தூக்கித் தலையில வச்சுட்டாங்க. அவனும் சிம்மாசனத்துல உக்கார மாட்டான். மண்டபத்துக்கு நடப்பான், மாடிக்கு நடப்பான், மறுபடி மண்டபத்துக்கு நடப்பான். பாவம், பெத்த அன்னைக்கே அவன் அம்மா போயிட்டா. முகத்தைப் பாத்ததே இல்லை. படமும் கிடையாது, சிலையும் கிடையாது. அவ முகத்தைப் போட்டு அப்பன் அடிச்ச காசையெல்லாம் பஞ்சத்துல உருக்கி அரிசி வாங்கிட்டாங்க. எங்க அம்மா எப்படி இருப்பாங்கன்னு பாக்குறவங்களையெல்லாம் கேட்டுக்கிட்டே திரிவான். கடைசியில தண்டோரா போடச் சொன்னான். மூக்குத்தி போட்ட ராணி முகம் இருக்கிற காசு ஒண்ணு கொண்டு வந்தா, கேட்டது கிடைக்கும்.

கப்பல்காரங்க போட்ட கூச்சல்ல சிலம்பாயி காதுல அது விழலை. காசு மாத்துற தனபாலு காதுல விழுந்துச்சு. சிலம்பாயி அந்தக் காசைக் கையில வச்சுக்கிட்டுத் திரியறதை அவன் முன்னாடியே பாத்திருந்தான். நேரா குடிசைக்கு வந்தான். அந்தக் காசைக் குடு, வெள்ளிக்காசு தரேன்னான். மாட்டேன்னுச்சு. பட்டுப்பாவாடை தரேன்னான். மாட்டேன்னுச்சு. பேசுற கிளி தரேன்னான். அதுக்கும் மாட்டேன்னுச்சு. சரிம்மா, தாகமா இருக்கு, கொஞ்சம் தண்ணி குடுன்னான். ஓடுறதுன்னா அதுக்குச் சொல்லவா வேணும், ஓடிடுச்சு. சொம்போட திரும்பி வந்தா ஆளையும் காணோம், மூக்குத்தி அம்மாவையும் காணோம்.

திருட்டுப் பய என்ன பண்ணினான் தெரியுமா? பச்சை பூத்த காசை ராஜா தொடுவாரான்னு நினைச்சான். புளியைப் போட்டுத் தேய்ச்சான், சாம்பலைப் போட்டுத் தேய்ச்சான், மணலைப் போட்டுத் தேய்ச்சான். காசு பளபளன்னு ஆயிடுச்சு. பட்டுத்துணியில சுத்தி எடுத்துக்கிட்டு அரண்மனைக்குப் போனான். அவனைத் தேடிக்கிட்டு இருந்த சிலம்பாயி வழியில பாத்துட்டு அழுதுக்கிட்டே பின்னாடி ஓடுச்சு, காத்தாயி அது பின்னாடி ஓடினா.

ராஜா துணியைப் பிரிச்சான். திருப்பிப் பாத்தான், மறுபடி திருப்பிப் பாத்தான். கண்ணு இல்லை, மூக்கு இல்லை, மூக்குத்தி இல்லை, வழுவழுன்னு வெறும் செம்பு. 

"எங்க அம்மா எங்கே?"ன்னு கேட்டான்.

இதுதான் ராஜா அந்தக் காசு, எங்க வீட்டுல பரம்பரையா இருந்துச்சு, நல்லாத் தேய்ச்சுக் கொண்டாந்தேன்னு தனபாலு இழுத்தான்.

சிலம்பாயி காவக்காரன் கைக்குக் கீழ புகுந்து வந்துச்சு. "அது என் காசு. அம்மாவைத் தேய்ச்சே அழிச்சுட்டான். எங்க வீட்டுச் சுவத்துல இருக்காங்க, வா காட்டுறேன்"னு ராஜா கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு ஓடுச்சு. ராஜாவும் ஓடினான், மந்திரியெல்லாம் வேட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க.

சுவத்துல சிலம்பாயி காட்டின தடத்துல ராஜா அந்தக் காசை வச்சான். எலிக்கடி வெட்டு அப்படியே பொருந்திச்சு. தனபாலு முகத்துல ஈயாடலை. ஆனா தடத்துல முகம் குழியா இருந்துச்சு, ராஜாவுக்குச் சரியாத் தெரியலை. காத்தாயி முன்னாடி வந்தா. ஒரு உருண்டை கொழுக்கட்டை மாவை எடுத்தா, அந்தத் தடத்துல வச்சு மெதுவா அமுக்கினா, பக்குவமா உரிச்சு ராஜா உள்ளங்கையில வச்சா. மூக்குத்தியோட ஒரு அம்மா அவனைப் பாத்தா.

அந்தப் புள்ளை அப்படியே மண்ணுல உக்காந்துட்டான். நடக்கலை, எந்திரிக்கலை.

தனபாலுவுக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறியா? நீதான் நல்லாத் தேய்க்கிறியேன்னு அரண்மனைச் செம்புப் பாத்திரம் அத்தனையையும் ஆயுசுக்கும் தேய்க்கச் சொல்லிட்டான் ராஜா. கை புளிப்புப் புடிச்சு அரிச்சுக்கிட்டே தேய்ச்சான், நல்லா வேணும். சிலம்பாயி என்ன கேட்டுச்சு? எந்தக் கப்பல் வந்தாலும் செல்லாக்காசு என்கிட்ட வரணும்னு கேட்டுச்சு. அப்புறம் உள்ள ஓடி ஒரு காலிக் கொட்டாங்குச்சி கொண்டாந்து, தன்கிட்ட ரெண்டா இருந்த யானைக் காசுல ஒண்ணைப் போட்டு, நீயும் சேருன்னு ராஜாகிட்ட குடுத்துச்சு. கஜானா பூரா தங்கம் வச்சிருந்தவன் அந்தக் கொட்டாங்குச்சியை ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டான்.

ஆனா கையில இருந்த மாவையே பாத்துக்கிட்டு இருந்தான். "இது காஞ்சா வெடிச்சுடுமே?"ன்னான்.

"வெடிச்சா வெடிக்கட்டும் ராசா. சுவரு இங்கதான் இருக்கு, தினமும் மாவு பிசையறேன். எப்பத் தோணினாலும் வா"ன்னா காத்தாயி.

அவனும் தினமும் வந்தான்.

சரி, அந்தப் பையில இருக்கிற ஓட்டைக் காலணாவை எடுத்துப் பத்திரமா வை, தேய்க்கிற வேலை வச்சுக்காதே. கதை தீந்துச்சு, கொழுக்கட்டை வெந்துச்சு.