பாறைமுகன் கேட்ட கேள்வி

கேளுங்கள் பெரியவர்களே, கேளுங்கள் பிள்ளைகளே! ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் வெண்கோட்டை நாட்டில் ஒரு கொள்ளைக் காய்ச்சல் வந்தது. தொட்டால் ஒட்டும், மூச்சுப் பட்டால் ஒட்டும். ராஜா பறையறையச் சொன்னார்: "எல்லோரும் கதவைச் சாத்துங்கள். நான் சொல்லும்வரை திறக்கக் கூடாது."

சாத்தினார்கள். ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது, எட்டு மாதமும் போனது.

ஆற்றங்கரைத் தெருவில் ஓடக்காரர் மகள் வடிவு இருந்தாள். பதினேழு வயது. துடுப்புப் போட்டால் ஆம்பிளைகளை முந்துவாள். அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். முகம்கூடப் பார்க்க விடவில்லை. வீட்டில் அவளும் அம்மாவும்தான். எதிர்வீட்டில் தோழி கோமளம். முதலில் இருவரும் ஜன்னலுக்கு ஜன்னல் கத்திப் பேசினார்கள். பிறகு சைகை மட்டும். பிறகு அதுவும் இல்லை. கோமளத்தின் ஜன்னல் சாத்தியே கிடந்தது.

பாறைமுகன் என்றொரு மந்திரவாதி. ஜனங்கள் நடமாடியவரை ஊருக்குள் கால் வைக்க முடியாதவன். தெரு வெறிச்சோடியதும் வந்துவிட்டான், இளசுகளைத் தேடி. ஒருநாள் நடுப்பகலில் வடிவின் ஜன்னலில் அவன் குரல் கேட்டது. இதமான குரல்.

"வடிவு, வடிவு, உன்னைத் தேட யார் இருக்கா?"

யோசித்துப் பார்த்தாள். "யாருமில்லை."

அவள் கால்கள் முழங்கால்வரை கல்லாயின.

"ஏன்டி சாப்பிட வரலை?" என்றாள் அம்மா.

"பசிக்கலைம்மா."

"சோறு இருக்கு, கூரை இருக்கு. அதுகூட இல்லாம எத்தனை பேர் சாகறாங்க! உனக்கென்னடி குறை?"

வடிவு போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். குறை சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாளும் வந்தான். "வடிவு, வடிவு, உன்னைத் தேட யார் இருக்கா?"

"யாருமில்லை."

நெஞ்சுவரை கல்லானது. கைகளும் கல்லாயின. அம்மா கேட்டதற்கு, "ஒண்ணுமில்லம்மா, தூக்கம்" என்றாள்.

மூன்றாம் நாளும் வந்தான். "வடிவு, வடிவு, உன்னைத் தேட யார் இருக்கா? இன்னொரு தடவை சொல்லிடு, அப்புறம் வலியே இருக்காது. எதிர்வீட்டுப் பொண்ணு முந்தாநாளே சொல்லிட்டா."

கோமளமா? நாக்கு நுனிவரை அந்தச் சொல் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு அலறினாள்.

"அம்மா! என்னால முடியலை! செத்துப்போயிருவேனோன்னு பயமா இருக்கும்மா!"

ஓடிவந்த அம்மா போர்வையை விலக்கினாள். கல்லைப் பார்த்தாள். திட்டவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"அப்பா போனதிலிருந்து நீ எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்கலையே! கேட்டா நான் உடைஞ்சிருவேன்னு பயந்தேன்டி."

ஜன்னலில் மறுபடி அதே கேள்வி. கல்லோடு கல்லாக மகளைக் கட்டிக்கொண்டு அம்மா கத்தினாள்: "நான் இருக்கேன்டா!"

குரல் நின்றது. ஆனால் கல் அன்றைக்கே கரையவில்லை. நெஞ்சு இளக ஒரு வாரம். கை இளக ஒரு மாதம். இடது முழங்கால் கடைசிவரை சரியாக மடங்கவில்லை.

கை அசைந்ததும் வடிவு ஜன்னலைத் திறந்தாள். தினமும் நடுப்பகலில் தெருவிலிருந்த இளசுகளை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். "எப்படி இருக்கே? நிஜத்தைச் சொல்லு!" ஒரு வீட்டில் அழுகை கேட்டது. ஒரு வீட்டில் வசவு கேட்டது. சில வீடுகளில் சத்தமே இல்லை. பதில் வந்த வீட்டில் பாறைமுகனால் நிற்க முடியவில்லை. நின்று பார்த்தான், சுற்றிப் பார்த்தான், ஊரைவிட்டே போனான்.

காய்ச்சலும் அடங்கியது. ராஜா சொல்லக் கதவுகள் திறந்தன. பெற்றவர்கள் கட்டிக்கொண்டு பேசப் பேச, கல்லான பிள்ளைகள் மெல்ல மெல்ல இளகினார்கள். கோமளம் இளகவில்லை.

ராஜா வடிவுக்குப் பரிசாக முத்துமாலையோடு வந்தார். "வேறென்ன வேண்டும், கேள் பெண்ணே."

"காய்ச்சலுக்கு வைத்தியர் அனுப்பினீங்க, மகாராஜா. இன்னொரு தடவை கதவைச் சாத்தச் சொன்னா, வாசல்ல நின்னு எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடவும் ஆள் அனுப்புங்க."

ராஜா தலைகுனிந்து சம்மதித்தார். அது அந்த நாட்டின் சட்டமானது.

வடிவு நொண்டி நொண்டி எதிர்வீட்டுக்குப் போனாள். கோமளத்தின் அம்மா ஈரத்துணியால் மகளின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்டயாவது ஏதாச்சும் சொன்னாளா வடிவு?"

"இல்லை அத்தை. நானும் கேட்கலை."

அந்தத் தாய் துணியை நனைத்துப் பிழிந்து அவளிடம் நீட்டினாள். வடிவு உட்கார்ந்து கோமளத்தின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினாள்.