சிங்கப்பூரை இழுத்த பேக்கப்

ஆவுடையப்பன் அண்ணாச்சி டீக்கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் ரேடியோவை அணைத்துவிடுவார். ஒரு கடைக்கு ஒன்று போதும் என்பார்.

எங்கள் கம்பெனி பாளையங்கோட்டையில் இருக்கிறது. இணையத்தில் வரன் பார்த்துக் கொடுக்கிறோம். நான் ஜெபசெல்வி, புரோகிராம் எழுதுகிறவள். மைதீன் டிசைன் பார்க்கிறவன். சர்வர் அண்ணாச்சியின் பொறுப்பு. சர்வர் என்றதும் பெரிய பெட்டியை நினைக்க வேண்டாம். சிங்கப்பூரில் யாரோ வைத்திருக்கும் பெரிய மெஷினில் எங்களுக்கென்று வாடகைக்கு விட்ட ஒரு மூலை, அவ்வளவுதான். விர்ச்சுவல் சர்வர் என்பார்கள். எங்களை நம்பி ஜாதகமும் போட்டோவும் கொடுத்த அத்தனை பேரும் அந்த மூலையில்தான் இருந்தார்கள்.

அன்று காலையில், வாடகைக்கு விட்ட அந்த ஆட்கள் கடைசி எச்சரிக்கை அனுப்பியிருந்தார்கள். பழைய மெஷினை இன்று சாயங்காலத்தோடு நிறுத்துகிறோம், உங்கள் சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. முன்னால் அனுப்பியதெல்லாம் அண்ணாச்சிக்குப் போயிருக்கிறது. இதுதான் தப்பித்தவறி எங்கள் முதலாளி தாணம்மாள் மேடத்துக்கு வந்துவிட்டது. அவர் டீக்கடைக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, எல்லாத்தையும் நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு இறக்கியாச்சா?"

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? வெள்ளிக்கிழமையே பேக்கப் எடுத்தாச்சு. எடுத்த கதையச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க."

"நம்ப மாட்டோம்னு தெரியுதுல்லா, பொறவு எதுக்குச் சொல்லணும்?" என்றான் மைதீன்.

அண்ணாச்சி அவனைக் கண்டுகொள்ளவில்லை. டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார்.

"கமாண்டைத் தட்டி என்டரை அமுக்குதேன். மத்தவனுக்கு டேட்டா நூல் மாதிரி வரும். நமக்கு வந்தது அணை தொறந்த மாதிரி. ஆட்டை முழுங்குன மலைப்பாம்பு கணக்கா வயர் புடைச்சிக்கிட்டு வருது. கம்பத்துல உக்காந்திருந்த காக்கா பூராவும் எந்திரிச்சுப் பறந்துட்டு. எந்தக் காக்காயாவது அன்னைக்குக் கம்பத்துல இருந்ததைப் பாத்தியா, ஜெபா?"

"வெள்ளிக்கிழமை நான் லீவு அண்ணாச்சி."

"அதான் உனக்குத் தெரியல. சிங்கப்பூர்ல சர்வர் ரூம்ல ஏசி போட்டு வச்சிருப்பானுவ பாத்துக்கோ. டேட்டாவோட சேந்து அந்தக் குளிரும் வயர் வழியா வந்துட்டு. சித்திரை வெயில்ல பாளையங்கோட்டை மார்க்கெட்ல மப்ளர் கேட்டு அடிதடி."

"நான் மார்க்கெட்லதான் இருந்தேன். வேர்த்து ஊத்திச்சு," என்றார் கடைக்காரர்.

"நீரு அடுப்புப் பக்கத்துலயே நிக்க ஆளு. உமக்குக் குளிரு எங்க தெரியும்?"

மேடம் வாட்சைப் பார்த்தார். "ஹார்டு டிஸ்க்ல இடம் பத்துச்சா? அதைச் சொல்லுங்க."

"பத்தலியே! அங்கதானே ஆவுடையப்பன் மூளை வேலை செஞ்சுது. ஹார்டு டிஸ்க் ரொம்பி வழியுது. பென் டிரைவ்ல ஊத்துனேன், செல்போன்ல ஊத்துனேன், கால்குலேட்டர்ல ஊத்துனேன். அப்பவும் நிக்கல. பக்கத்து ரேஷன் கடைல எலக்ட்ரானிக் தராசு இருக்குல்லா, மீதியக் கொஞ்சம் அதுல திருப்பி விட்டேன். ஒரு அம்மா சர்க்கரை வாங்க வாராங்க. தராசுல பாத்தா எடைக்குப் பதிலா 'அஸ்தம், கன்னி ராசி, செவ்வாய் தோஷம் இல்லை'ன்னு ஓடுது. அந்தம்மா சர்க்கரைய விட்டுட்டு, 'பையன் எந்த ஊருப்பா?'ன்னு கேக்காங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும்தான். மேடம் சிரிக்கவில்லை.

"இதுக்கு நடுவுல, வண்ணார்பேட்டைல பள்ளம் தோண்டுன பொக்லைன் வயரை வெட்டிப்புட்டு. டேட்டா ரோட்டுல கொட்டுது! ஓடிப் போயி இந்த முனைய இடது கையில புடிச்சேன், அந்த முனைய வலது கையில புடிச்சேன். அத்தனை வரனும் என் உடம்பு வழியாத்தான் போச்சு."

"ஷாக் அடிக்கலியா?" என்று கேட்டான் மைதீன்.

"கூச்சம்தான்லே அடிச்சுது. ஒவ்வொருத்தரா நெஞ்சு வழியாப் போகும்போது எனக்கு ஆளு அடையாளம் தெரியுது. ரொம்ப நாளாப் பொண்ணு அமையாத ஒரு சங்கரன்கோவில் பையன் போறான். பாவமா இருந்துச்சு. மூச்சை அடக்கி அவனை விலா எலும்பு பக்கமா நிறுத்தி வச்சேன். பின்னாடியே தோதா ஒரு களக்காட்டுப் பொண்ணு வந்துச்சு. ரெண்டு பேரையும் உள்ளேயே பேசி முடிச்சு, ஒரே ஃபைலா அனுப்பி வச்சேன். ஆவணியில கல்யாணம்."

"சீர் பேசினது யாரு, உங்க கல்லீரலா?" என்றான் மைதீன்.

"சிரிங்கலே. கடைசியில சிக்குனது பாருங்க, அது சிரிக்கிற விசயம் இல்ல. ஒரு ஃபைல் மட்டும் அசைய மாட்டேங்கு. வேட்டிய மடிச்சுக் கட்டி, கால ஊணி ஒரு இழுப்பு இழுத்தேன். ஃபைலு வரல. சிங்கப்பூர் வருது! அங்கேருந்து போன் மேல போன். 'சார், கொஞ்சம் விடுங்க, எங்க நாடு சாயுது, கப்பலெல்லாம் ஒரு பக்கமா ஒதுங்குது'ன்னு அழுவாத குறை. பாவம்னு லேசா விட்டுக் குடுத்தேன். முழுசா விடல. இன்னைக்கும் திருச்செந்தூர் கடற்கரையில நின்னு உத்துப் பாத்தா அவனுவ லைட்டு தெரியும்."

சொல்லி முடித்துக் கிளாஸைக் கவிழ்த்து வைத்தார்.

மேடம் அமைதியாகக் கேட்டார். "எல்லாம் சரி அண்ணாச்சி. அந்த பேக்கப் இப்ப எங்க இருக்கு?"

"பத்திரமா இருக்கு மேடம்."

"எங்க?"

அண்ணாச்சி காதைச் சொறிந்தார். "எல்லாத்தையும் ஒரே ஃபைலாச் சுருட்டி, பூட்டுப் போட்டு, பேரெல்லாம் வச்சு..."

"எங்க அண்ணாச்சி?"

"அந்தச் சர்வர்லதான். நம்ம ஆபீஸ்ல கரண்டு நம்ப முடியாது பாருங்க. அங்கேயே இருக்கட்டும்னுட்டு..."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, கடைக்காரர் கவனிக்கவில்லை. வீடு எரிந்தால் உதவும் என்று தண்ணீர்க் குடத்தை அந்த வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்த கதைதான். போன மாதம் ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியர் தன் மூன்று பெண்களின் போட்டோவையும் கொண்டுவந்து, "பத்திரம்மா" என்று என் கையில்தான் கொடுத்துப் போனார்.

மேடம் எழுந்தார். "சிங்கப்பூர்தான் பக்கத்துல வந்துட்டே. நடந்து போயி எடுத்துட்டு வாங்க."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஆபீசுக்கு ஓடினோம்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஃபைல் நிஜமாகவே அங்கே இருந்தது. சுருட்டுகிற வேலையை மனிதர் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். இறக்குவதை மட்டும்தான் டீக்கடையில் செய்திருக்கிறார். நான் கமாண்டைக் கொடுத்தேன். திரையில் சதவீதம் எறும்பு மாதிரி ஊர்ந்தது. லைன் முழுக்க இதற்கே கிடைக்கட்டும் என்று மைதீன் ஆபீசில் எல்லாருடைய செல்போனையும் பிடுங்கி வைஃபையை அணைத்தான். பாதியில் லைன் அறுந்தது. நல்லவேளை, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. மத்தியானச் சாப்பாட்டை யாரும் தொடவில்லை. அண்ணாச்சி மட்டும் என் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அத்தனை நேரம் அவர் வாய் திறக்காமல் இருந்ததை நான் பார்த்ததே இல்லை.

வெயில் தாழும் நேரத்தில் நூறு வந்தது. அதோடு விடவில்லை. ஃபைலை எங்கள் கம்ப்யூட்டரிலேயே விரித்து, இணையதளத்தை ஓட்டிப் பார்த்தோம். தலைமையாசிரியரின் மூன்று பெண்களும் வரிசையாகச் சிரித்தார்கள். மேடம் நாற்காலியில் சாய்ந்து தண்ணீர் கேட்டார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் சிங்கப்பூர் மூலை அணைந்தது.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். முகத்தில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது.

"ஏன் வந்துச்சு தெரியுமா ஜெபா? நான் பின்னால நின்னேன்லா. இந்தச் சர்வருக்கெல்லாம் ஆவுடையப்பன்னா உள்ளூர ஒரு பயம்."

மேடம் தண்ணீரைக் குடித்து முடித்து டம்ளரை வைத்தார்.

"எனக்கும் அதே பயம்தான் அண்ணாச்சி."